பெண்கள் பூத்தில் ஏழு ஓட்டு

எங்கள் குப்பத்துத் தலைவர் இறந்துவிட்டார் என்று போன மாதம் போன் வந்தபோது நான் கடையில் யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு காப்பி கேட்டவருக்கு ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "செத்துப்போனவர நெனச்சு எதுக்கும்மா பயப்படுற" என்று முதலாளி கேட்டார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதுவரை ஒன்பது வருடமாக அந்தக் குப்பத்துப் பக்கமே நான் போயிருக்கவில்லை. ஆனாலும் பஸ்ஸில் யாராவது தலைவர் போலத் தாழ்ந்த குரலில் "இன்னாம்மா, நல்லா கீறியா" என்று கேட்டால் இன்றைக்கும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன்.

அவர் யாரையும் அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை. மெலிந்த ஆள், அரைக்கை வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஒரு துண்டு. பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் மற்றவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, தான் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நான் யாரு நைனா சொல்றதுக்கு? ஊரு சொல்லட்டும்."

நான் பிறந்தது டவுனுக்குள்ளே, கல்மண்டபத்துப் பக்கம். காத்திவாக்கத்தைத் தாண்டி, முகத்துவாரத்துப் பக்கம் இருந்த அந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது எனக்கு இருபத்தொரு வயது. கூட்டத்தில் பெண்கள் உட்காரக்கூடாது. கங்கையம்மன் கோயில் வாசலில் ஆண்கள் கூடுவார்கள், நாங்கள் கொஞ்சம் தள்ளித் தண்ணிக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் வராத நேரத்திலும் நிற்போம். தலைவர் பேசுவது அங்கே கேட்காது, பக்கத்தில் இருப்பவர் உரக்கத் திருப்பிச் சொல்வார். அங்கிருந்துதான் அவரை நான் கவனிக்கத் தொடங்கினேன்.

கூட்டம் நடக்கும்போது அவர் வேர்க்கடலை உரிப்பார். ஒரு செய்தித்தாளை மடியில் விரித்து, ஒவ்வொன்றாக உரித்துக் கடலையைத் தாளில் சேர்ப்பார். தான் ஒன்றும் தின்னமாட்டார். நடுநடுவே தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துவார், அவர் ஒரு கை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்துவார். தாள் அப்படியே சுற்றி வரும். யாராவது ஊருக்கு ஒவ்வாத பேச்சுப் பேசினால் பேசியவனுக்கு முந்தின ஆளோடு தாள் நின்றுவிடும். நிறுத்தச் சொல்லித் தலைவர் சொல்லமாட்டார், பார்க்கவும் மாட்டார். எப்படியோ நின்றுவிடும். கடலை வராத ஆள் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டான்.

அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் துண்டை எடுத்து அம்மன் காலடியில் வைத்து, "வயசாயிடுச்சுப்பா, வேற ஆளப் பாத்துக்கோங்க" என்பார். ஊரே எழுந்து நிற்கும். ஒருவர் துண்டை எடுத்து மறுபடி அவர் தோளில் போடுவார். யார் கடைசியாக எழுந்தார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அதைப் பார்ப்பதற்கு நூறு பேர் இருந்தார்கள்.

நல்லது செய்யாத மனிதர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஒரு மழைக்காலத்தில் குப்பத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. மூன்று நாள் அந்தத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் சோற்றுப் பொட்டலம் கொடுத்து அனுப்பியவர் அவர். கடைசி ஆள் சாப்பிட்ட பிறகுதான் தன் பொட்டலத்தைப் பிரித்தார், அதற்குள் அது ஊசிப்போயிருந்தது. அதையும் தின்றார். தெருவிளக்கு, தண்ணித் தொட்டி, ஐஸ் உடைக்கிற இடத்துக்கு மேற்கூரை, எல்லாம் அவர் கட்சிக்காரர்களிடம் கேட்டு வாங்கியவை. "கேட்டு" என்பதுகூடச் சரியில்லை. கட்சிக்காரர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலைவருடைய மீன் பெட்டியைப் பார்த்துக் குனிந்து பேசுவார்கள். குப்பத்து ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பயம் எனக்கு முதலில் வந்தது வேறொரு நாளில். ஊர் வேண்டாம் என்று சொன்ன வலையை ஒரு இளைஞன் கடலுக்குக் கொண்டுபோனான். கூட்டத்தில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தபோது தலைவர், "வுடுங்கப்பா, சின்னப் பையன்" என்று முடித்துவிட்டார். மறுநாள் காலை அவன் தன் பைபர் போட்டைத் தண்ணீரில் இறக்க நின்றான். ஒரு போட்டைத் தள்ள எட்டுப் பேராவது கைவைக்க வேண்டும். எங்கள் கரையில் யார் போட்டாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் கைவைத்துவிட்டுப் போவார்கள், அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் கிடையாது. அன்றைக்கு ஒருவரும் கைவைக்கவில்லை. கரை முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ வேலை இருந்தது.

அப்போது தலைவர் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, போட்டின் பின்பக்கம் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். அது அசையவில்லை.

"நான் ஒருத்தன் தள்ளினா நவுருமா நைனா?" என்று சிரித்துக்கொண்டே அவனைக் கேட்டார்.

அந்தப் பையன் வலையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் போட்டுவிட்டு அழுதான். அடுத்த நிமிடம் பதினைந்து பேர் ஓடிவந்து போட்டைத் தள்ளினார்கள். நான் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவனுக்கு உதவி செய்ய வந்தார் என்றுதான் அன்றைக்கு ஊர் பேசிக்கொண்டது. அவரும் அப்படித்தான் நம்பினாரோ என்னவோ.

இந்த மனிதர் முடிவு செய்த சின்னத்தில்தான் நான் ஓட்டுப் போடாமல் விட்டேன்.

வார்டு தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா சுயேச்சையாக நின்றது. தையல் மிஷின் சின்னம். ஜெயிக்காது என்று அதற்கே தெரியும். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. காற்று திரும்பும் மாதங்களில் இளைப்பு வந்து நெஞ்சுக்கூடு உள்ளே போய்விடும். ஒருநாள் உதடு நீலமாகிவிட்டது. இவர், என் வீட்டுக்காரர், கடலில் இருந்தார். அந்த நர்ஸம்மாதான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. வழியெல்லாம் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தது. அதற்கு நான் திருப்பிச் செய்ததெல்லாம் ஒரு கிலோ இறால். அதையும் அது வாங்கவில்லை.

ஊர் வேறு சின்னத்தை முடிவு செய்தது. வழக்கம்போல ஒருமனதாக.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு பூத், பெண்களுக்கு ஒரு பூத். உள்ளே போய் அட்டைக்குப் பின்னால் நின்றபோது தலைவர் முகம்தான் ஞாபகம் வந்தது. பிறகு பிள்ளையின் நீல உதடு ஞாபகம் வந்தது. தையல் மிஷினை அழுத்தினேன். நீளமாக பீப் என்று கத்தியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதே சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியே வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போல வேர்த்துக் கொட்டியது.

ஊர் முடிவு செய்த ஆள் ஆயிரக்கணக்கில் ஜெயித்தார். வேட்டு வெடித்தார்கள், பிரியாணி போட்டார்கள். பூத் வாரியாக எண்ணிக்கை குறித்துக்கொண்டு வந்த ஏஜென்ட் அதைக் கூட்டத்தில் படித்தான். ஆண்கள் பூத்தில் ஒரு ஓட்டும் பிசகவில்லை. பெண்கள் பூத்தில் தையல் மிஷினுக்கு ஏழு.

நான் குழாயடியில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருபது பெண்களாவது இருப்பார்கள். ஒருத்தியும் தலையைத் திருப்பவில்லை.

"ஏழு தானப்பா. தெரியாம அமுக்கிருப்பாங்க. வுடுங்க" என்றார் தலைவர்.

ஒருவர் எழுந்து, அதெப்படி விடுவது, நாளைக்கு எழுபது ஆகும் என்றார். "வுடுங்கப்பா" என்றார் தலைவர். இன்னொருவர் எழுந்து, ஊரை ஏமாற்றியவர்களோடு எப்படி ஒரே குழாயில் தண்ணி பிடிப்பது என்றார். "எதுக்குப்பா பேஜாரு, வுடுங்க" என்றார். அவர் விடச் சொல்லச் சொல்ல ஆட்களுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் யாரோ கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிவிடலாம் என்றார்கள். தலைவர் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"பொம்பளைங்கள கோயில்ல நிக்க வெக்கிறது தப்பு. அல்லாரும் சொல்றீங்கன்னா, வூட்டு ஆம்பளை சொல்லட்டும். நான் யாரு."

அப்படித்தான் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கடலுக்குப் போகாத நாளில், ஒவ்வொரு வீட்டு ஆணும் அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, எங்கள் வீட்டு ஓட்டு ஊரோடுதான் போனது என்று சொல்ல வேண்டும். பொய்யாகக் கற்பூரம் அடித்தவனைக் கடல் திருப்பி அனுப்பாது. இதை எங்கள் குப்பத்தில் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. அப்படிப் போய்த் திரும்பாத ஒருவரின் வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது.

இவருக்கு நான் யாருக்குப் போட்டேன் என்று தெரியாது. கேட்கவுமில்லை, அப்படிச் சந்தேகப்படுகிற ஆளும் இல்லை. சொல்லாமல் விட்டால் இவர் பொய்ச் சத்தியம் செய்துவிட்டுத் திங்கட்கிழமை கடலுக்குப் போவார். சொல்லிவிட்டால் எல்லோர் முன்னாலும் நின்று என்ன செய்வார் என்று தெரியாது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் தெருவில் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் நின்று பேசிவிட்டு வந்தார். எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன்.

"இன்னாம்மா, பாப்பாக்கு இளைப்பு எப்டி கீது?"

"இப்ப தேவலை மாமா."

"அந்த நர்ஸம்மா தான தூக்கினு ஓடுச்சு? நல்ல மனசு அதுக்கு" என்றார். பாதித் தண்ணீர் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தலைவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுப்படியில் போய் உட்கார்ந்தவள் பிள்ளை வந்து பசிக்கிறது என்று இழுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை இவர் பழைய சோற்றில் முந்தின நாள் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுமே."

"நான் தையல் மிஷினுக்குப் போட்டேன்."

இவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அத்த இன்னாத்துக்கு இப்ப சொல்ற?"

"நீ பொய்யா கற்பூரம் அடிச்சிட்டு கடலுக்குப் போவக்கூடாதுன்னு தான்."

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் தெரியாம அடிச்சிருப்பேன். தெரியாம அடிச்சா ஆத்தா மன்னிச்சிருப்பா."

"மன்னிப்பாளா?"

"தெரியாது" என்றார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கைகழுவிவிட்டு, திருவிழாவுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். என்ன செய்யப் போகிறாய் என்று நானும் கேட்கவில்லை.

தலைவர்தான் முதல் ஆள். மீன் பெட்டியிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றி, கற்பூரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓங்கி அடித்தார். "என் வூட்டு ஓட்டு ஊரோட தான்." முதல் தடவையாக அவர் குரல் குழாயடிவரைக்கும் கேட்டது. அடுத்தடுத்த வீடுகள் வந்தன. அடி, சத்தியம், அடுத்த ஆள். நாற்பதாவது ஆளாகவோ என்னவோ இவர் முறை வந்தது. இவர் கையை நீட்டினார், மறுபடி எடுத்துக்கொண்டார்.

"என்னால அடிக்க முடியாது தலைவரே. என் வூட்டு ஓட்டு ஒண்ணு ஊரோட போவல."

கற்பூரம் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் இவர் தோளில் கைவைத்துத் தட்டினார். "செரி நைனா. உண்மைய சொல்லிட்ட. போய் உக்காரு."

அந்தக் குப்பத்தில் இவர்மேல் ஒருவர் கைவைத்தது அதுதான் கடைசி. இவருக்குப் பிறகு வந்த அத்தனை பேரும் அடித்தார்கள். ஏழு ஓட்டில் ஒன்றுக்குத்தான் ஆள் தெரிந்தது, மிச்சம் ஆறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெண் ஓட்டே ஒன்றுதான். ஏழும் அங்கிருந்தே போனது போல ஊர் நிம்மதியாகக் கலைந்தது.

எங்களைத் தள்ளி வைத்ததாக யாரும் சொல்லவில்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகரும். ஏலம் கூறுகிறவர் இவர் கூடையைத் தாண்டி அடுத்த கூடைக்குப் போவார். பிள்ளையோடு விளையாட வரும் பிள்ளைகளை யாரோ கூப்பிட்டுக்கொள்வார்கள். நான்காம் நாள் காலை இவர் போட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறியது. தூரத்தில் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே வருவதைப் பார்த்ததும் இவர் திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டார். அந்த வாரமே இன்ஜினையும் போட்டையும் விற்றோம். தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை, கன்டெய்னர் யார்டு வாசலில் இவருக்குக் காவல் வேலை. இவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, வாசம் மட்டும் வரும்.

போன மாதம் தலைவர் சாவுக்குப் போக வேண்டாம் என்றேன். இவர்தான், "செத்தவர் கிட்ட இன்னாமே கோவம்" என்று கிளப்பிக்கொண்டு போனார். குப்பத்தில் எல்லோரும் நேற்றுத்தான் பார்த்தவர்கள் போல நலம் விசாரித்தார்கள். ஒருவர் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த அன்பைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே அவர் மனைவி உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் போய்க் கட்டிக்கொண்டேன். மற்ற பெண்கள் ஓங்கி அழுதுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அது என் காதில் வாயை வைத்துப் பேசியது.

"பொண்ணே, அந்த ஏழுல ஒண்ணு நானு."

நான் விலகிப் பார்க்கப் போனேன். விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "சக்கரைப் புண்ணு வந்து காலு அழுவிப்போயி கெடந்தேன். ஆறு மாசம் அந்த நர்ஸம்மா வூட்டுக்கு வந்து கட்டு மாத்துச்சு. அதுக்கு ஒரு ஓட்டு போடக்கூடாதா?"

"மாமாக்குத் தெரியுமா அத்தே?"

"சத்தியத்துக்கு ரெண்டு நாளு மின்னாடியே சொல்லிட்டேன். கம்முனு கேட்டுக்கினாரு. கற்பூரம் அடிக்காம நின்னா அவரு போட்டுக்கும் யாரும்மா கைவெப்பா? அவுரு பயந்த மாறி நீங்க யாரும் பயந்திருக்க மாட்டீங்க. அதுக்கப்பறம் கடலுக்கே போவல, பாத்தியா." சொல்லிவிட்டு என்னை விட்டது. மார்பில் அடித்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து அழத் தொடங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மனசு கொதித்தது. அடித்தவர் தலைவராகவே செத்தார், அடிக்காதவர் யார்டு வாசலில் நிற்கிறார். திருவொற்றியூர் வந்தபோது இவர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"இன்னா இருந்தாலும் பெரிய மனுசன்மே. தன் வூட்ட சுத்தமா வெச்சிக்கினு, மொத ஆளா நின்னு அடிச்சிட்டு தான் ஊர கேட்டாரு. நம்ம மேல தான் தப்பு. அத்த நெனச்சு தான் நான் மனசு ஆறினேன்."

ஒன்பது வருடம் இந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.